அளப்பதை நிறுத்தினால் நஞ்சு போய்விடுமா?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2025-ன் தொடக்க மாதங்களில் சில அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது. பழைய கட்டடங்களில் உரிந்து தொங்கிய பெயின்ட்டில் காரீயம் இருந்தது. குழந்தைகளின் ரத்தத்திலும் இருந்தது. நகரச் சுகாதாரத் துறை, மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியிடம் வல்லுநர்களை அனுப்பக் கேட்டது. முடியாது என்று பதில் வந்தது. ஏப்ரல் 1 அன்று நடந்த ஆட்குறைப்பில், குழந்தைகளுக்கான காரீய நஞ்சுத் தடுப்புக் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மே மாதம் செனட் குழுவின் முன் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி, மில்வாக்கியில் தங்கள் குழு இருப்பதாகச் சொன்னார். நகரச் சுகாதாரத் துறை அதை மறுத்தது. ஜூனில் பணிநீக்க உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அத்துடன் பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். என்னால் முடியவில்லை. இதே குழுவின் நிதியில் முன்பும் ஒருமுறை கை வைத்தார்கள்.

2012-ம் ஆண்டைச் சொல்கிறேன். அந்த ஆண்டில்தான் சிடிசி, குழந்தையின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய காரீய அளவை டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை என்பது உறுதியாகிக்கொண்டிருந்த காலம் அது. கண்காணிக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை ஒரே அறிவிப்பில் பல மடங்கானது. அதே ஆண்டு சிடிசியின் காரீய நஞ்சுத் தடுப்புத் திட்டத்துக்கான நிதியை நாடாளுமன்றம் 2.9 கோடி டாலரிலிருந்து 20 லட்சம் டாலராக வெட்டியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஆண்டுக்கு 1 டாலர் 20 சென்ட் அளவில் இருந்தது 8 சென்ட்டாகச் சுருங்கியது. உலகின் மிகப் பணக்கார நாடு ஒரு குழந்தையின் மூளைக்கு ஒதுக்கிய தொகை இது. பிறகு நிதி படிப்படியாக மீண்டது என்றாலும், ஒருமுறை கலைந்துபோன ஆய்வகமும் அனுபவமும் பணம் வந்த மறுநாளே திரும்பி வந்துவிடாது.

இந்தக் குழுவின் வேலை என்ன என்று கேட்பவர்கள் ஒரு பழைய ஜன்னலைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் காரீய பெயின்ட் 1978-ல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல்கள் உண்டு. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் சட்டத்தில் பெயின்ட் உரசி, மாவுபோன்ற தூள் கீழ்க்கட்டையில் படியும். தத்தி நடக்கும் குழந்தை பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கட்டையைத்தான். கை அடுத்து வாய்க்குப் போகும். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சும். காய்ச்சல் வராது, வாந்தி வராது. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் பாடம் ஏறவில்லை என்றும் அடங்கவில்லை என்றும் புகார் வரும். ஈரத் துணியால் அந்தக் கட்டையைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம்தான் வெட்டப்படுகிறது.

பாதிப்பு வந்த பிறகு மருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. 780 குழந்தைகளிடம் நடத்தி 2001-ல் வெளியிடப்பட்ட மருத்துவச் சோதனையில், மருந்து ரத்தத்திலிருந்த காரீயத்தைக் குறைத்தது, அறிவுத்திறனை மீட்கவில்லை. ஆகவே இங்கே வருமுன் செலவிடும் பணம் மட்டுமே பணம். வீடுகளில் காரீய பெயின்ட்டை அகற்றச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் சமூகம் 17 முதல் 221 டாலர் வரை திரும்பப் பெறுகிறது என்று 2009-ல் பொருளாதார வல்லுநர் எலிஸ் கூல்ட் கணக்கிட்டார். குறைந்தபட்சமான 17-ஐயே வைத்துக்கொள்வோம். இதற்கு ஈடான இன்னொரு அரசுத் திட்டத்தைக் காட்டுங்கள்.

ரத்தத்தில் காரீயம் எப்போதோ குறைந்துவிட்டது, இன்னும் எதற்குச் செலவு என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் 15 மைக்ரோகிராமாக இருந்த சராசரி இன்று ஒன்றுக்கும் கீழே வந்தது, அரசு பெட்ரோலிலும் பெயின்ட்டிலும் தலையிட்டதால். மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரை நினைத்துப் பார்க்கட்டும். 2014-ல் குடிநீர் ஆதாரத்தை மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்காமல் விட்டார்கள். மக்கள் கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் காட்டியும் மாநில அதிகாரிகள் மறுத்தார்கள். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்ட பிறகே வாய் அடைத்தது. இழப்பீட்டு உடன்பாடு 62.6 கோடி டாலர். 2012-ல் மிச்சம் பிடித்ததைப்போல இருபது மடங்குக்கும் மேல், ஒரே ஊருக்கு! அந்த வெட்டுக்கும் ஃபிளின்ட்டில் ஏற்பட்ட தாமதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

நாம் அமெரிக்காவைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. அவர்களிடம் கலைப்பதற்காவது ஒரு குழு இருந்தது. யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் கொண்ட குழந்தைகள் உலகில் 80 கோடி. இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடி. சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரி 11.4. சிடிசியின் இன்றைய எல்லையான 3.5-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் குழந்தைகள் இப்போது வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள். இங்கே 2000-ல் காரீய பெட்ரோல் போனது. 2017 நவம்பர் முதல் பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் வரம்பு. ஆனால் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகைகளும் மஞ்சள்தூளில் கலக்கும் காரீயக் குரோமேட்டும் இன்னும் இருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டம் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுக்களை அனுப்புகிறது. அது தேடும் 30 குறைபாடுகளில் ரத்தக் காரீயம் இல்லை. அடுத்த மத்திய பட்ஜெட்டில் இதற்கெனத் தனி ஒதுக்கீடு வேண்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரிகளில் பரிசோதிக்கும் கருவி வேண்டும். பேட்டரி உருக்கும் பகுதிகளிலிருந்து தொடங்க வேண்டும். ஹீமோகுளோபின் பார்க்கக் குத்தும் அதே விரலில் இன்னொரு துளி எடுத்தால் போதும்.