விற்காத நிலத்துக்கு விலை என்ன?

பாட்டன் காலந்தொட்டு உழுதுவரும் மூன்று ஏக்கர் புன்செய். அதை யாரும் விற்கவில்லை, விற்க நினைத்ததுமில்லை. கால்வாய் வெட்டுவதற்கு அந்த நிலம் வேண்டுமென்று ஒருநாள் சர்க்கார் அறிவிக்கிறது. விலை என்ன என்று கேட்டால், "உங்கள் ஊரில் கிரயப் பத்திரமே பதிவாகவில்லையே, எதைப் பார்த்து விலை போடுவது?" என்று அதிகாரி திருப்பிக் கேட்கிறார். சோறு போடும் நிலத்தை விற்காமல் காத்தது உழவன் செய்த குற்றமா?

தேடித் துருவினால் ஒரு பத்திரம் அகப்படும். அது எப்படிப்பட்டது? வட்டிக்காரனுக்குப் பயந்து, மகள் கல்யாணத்தை முன்னிட்டு, ஒருவன் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட நிலத்தின் பத்திரம்! விற்க விரும்புகிறவனும் வாங்க விரும்புகிறவனும் நெருக்கடி இல்லாமல் பேசி முடிப்பதுதான் சந்தை விலை. கழுத்தைப் பிடித்தபோது விற்ற விலை ஊருக்கெல்லாம் அளவுகோலாகி விடுமா?

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்லுவோம். கையில் கொடுப்பது ஒரு தொகை, பத்திரத்தில் எழுதுவது வேறொரு தொகை என்ற வழக்கம் இருக்கிறது. முத்திரைத்தாள் செலவில் அன்று மிச்சம் பிடித்த காசு, நிலம் பறிபோகும் நாளில் பல மடங்கு நட்டமாகத் திரும்பி வருகிறது.

பத்திரம் இல்லையென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. 1894-ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-வது பிரிவைப் பாருங்கள். முந்தைய மூன்றாண்டுகளில் அதே வகை நிலத்துக்குப் பத்திரம் கிடைக்காவிட்டால், அடுத்துள்ள பகுதிகளின் அதே வகை நிலத்தை வைத்து மாநில அரசு குறைந்தபட்ச விலை குறிக்க வேண்டும் என்கிறது அது. பழைய பத்திரம் இருந்தால் ஆண்டுதோறும் ஏறிய விலையைக் கூட்டிக் கணக்கிடலாம். கிராமப்புறத்தில் அந்த ஏற்றம் ஆண்டுக்கு 5 முதல் 7.5 சதவீதம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செலவு போக நிற்கும் விளைச்சல் வருமானத்தைப் பத்து மடங்காக்கும் முறையையும் நீதிமன்றங்கள் கையாண்டிருக்கின்றன. ஆனால், வானம் பொய்த்த ஆண்டின் கணக்கைக் காட்டி நம் தலையில் கட்டப் பார்த்தால் ஏமாறக் கூடாது!

ஆகவே தோழர்களே, ஊர் ஊராகச் சென்று சொல்லுங்கள். பட்டாவும் அடங்கலும் விளைபொருள் விற்ற ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். பக்கத்து ஊர்ப் பத்திரங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தொகை போதாதென்றால், பணம் பெறும்போதே "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். அப்படி எழுதாமல் வாங்கினால், கூடுதல் கேட்கும் கதவு அடைபட்டுப் போகும். உத்தரவு பிறந்தபோது நேரில் இருந்தவருக்கு, கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஆறு வாரமே கெடு.

நிலம் போவதைச் சில வேளை தடுக்க முடியாமல் போகலாம். அதன் மதிப்பும் சேர்ந்து போக நாம் விடலாமா?