செக்ரோலில் பேர் இல்லாத பிள்ளைகளும் நம்மவர்களே

"வேலை தாராளமாக இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் உடம்பு வளையாது." தோட்டத்துரையும் இதைச் சொல்கிறார், கொழும்பில் கடை நடத்தும் முதலாளியும் இதைத்தான் சொல்கிறார். நம் பெற்றோரில் சிலர்கூட இதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் படிப்பித்துக்கொண்டும் சங்க வேலை செய்துகொண்டும் இருக்கும் நாங்கள், இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மலையகத் தோழர்கள் சிலர், தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் மட்டக்களப்புக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். இங்கும் தென்னந்தோட்டங்களும் மரமுந்திரிகைத் தோட்டங்களும் இருக்கின்றன. 1977, 1983 வன்செயல்களில் மலையிலிருந்து விரட்டப்பட்டுக் கிழக்கில் குடியேறிய குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வளர்ந்து வேலை தேடுகிறார்கள். ஹட்டனிலிருந்து புறப்படும் பிள்ளையும் படுவான்கரையிலிருந்து புறப்படும் பிள்ளையும் கடைசியில் போய்ச் சேருவது ஒரே கடைக்கு, ஒரே ஆடைத் தொழிற்சாலைக்கு, ஒரே வளைகுடா விமானத்துக்கு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாட்டின் வேலையின்மை வீதம் பல ஆண்டுகளாக 5 சதவீதத்தை ஒட்டியே இருப்பதாக அரசு சொல்கிறது. அதே அரசின் கணக்கில் 15 முதல் 24 வயது வரையானவர்களிடம் அது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் "தொழில் உள்ளவர்"தான். வாவியில் ஒரு காலை வலை வீசி இரண்டு கிலோ இறால் பிடித்தவன் தொழில் உள்ளவன். மாமாவின் ஆட்டோவை ஒரு பொழுது ஓட்டியவனும் தொழில் உள்ளவன். வேலை தேடித் தேடிச் சலித்து வீட்டில் இருந்துவிட்ட பெண்பிள்ளையோ வேலையற்றவர் கணக்கிலும் வருவதில்லை. நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார்.

அடுத்து, இருந்த வேலைகள் எங்கே போயின என்று பார்ப்போம். பெரும்போக வெட்டுக்கு ஆள் கூட்டமாக இறங்கிய படுவான்கரை வயல்களில் இன்று அறுவடை மெசின் சில மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடுகிறது. வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்வதற்காக 1950களில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை, போரிலும் அலட்சியத்திலும் நலிந்து, பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மீண்டும் இயங்கத் தொடங்கியபோதும் பழைய ஆளணி திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோள் கரையோரத் தொழில்களைச் சுருட்டிக்கொண்டு போனது.

2009இல் போர் முடிந்தது. பாதைகள் வந்தன. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழுந்தன. 2013இல் கல்லடியில் புதுப்பாலம் திறந்தார்கள். பாதை திறந்ததும் தொழிற்சாலைகளுக்கு முன்னால் வந்து சேர்ந்தவை லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளுமே. வேலை கொடுக்காத பொருளாதாரம் கடன் கொடுத்தது.

படித்தால் தப்பலாம் என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னோம். அவர்களும் படித்தார்கள். 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாடே பார்த்தது. 2020இல் அரசு பட்டதாரிப் பயிலுநர்களைச் சேர்த்து மாதம் 20,000 ரூபா கொடுத்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்பாடு வந்தது. அரசாங்கச் செலவைக் குறை என்பதே அதன் பாடம். அரச வேலைக் கதவு ஒடுங்கிவிட்டது.

மலையகத்தில் நடந்ததும் இதற்குத் தூரமில்லை. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது 3 இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. இருப்பவர்களையும் வெளியாள் முறைக்கு மாற்றி, செக்ரோலிலிருந்து பேரை எடுக்கப் பார்க்கிறார்கள். ஆக, பிள்ளைகள் வேலையை விட்டு ஓடவில்லை. பேர் பதிந்த வேலை, சேமலாப நிதியுள்ள வேலை, ஓய்வில் ஒரு தொகை கையில் வரும் வேலைதான் பிள்ளைகளை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊர் விட்டுப் போன பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நியமனக் கடிதம் கிடையாது. இரண்டு வருடமாகியும் "பழகுகிற பொடியன்"தான். காலை எட்டுக்குத் திறந்த கடை இரவு ஒன்பதுக்கே மூடும். லீவு கேட்டால் கணக்கு முடிக்கப்படும். இத்தனைக்கும் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. சேமலாப நிதிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது: தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்டவேண்டும். தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைக்குக்கூட இது தெரியாது. பாடப்புத்தகத்தில் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை.

அந்த ஆள் நாம்தான் என்பதே எங்கள் வாதம்.

தோட்டச் சங்கம் செக்ரோலை நம்பி வளர்ந்தது. சம்பளத்தில் சந்தா கழிபடும். பேர் உள்ளவர் அங்கத்தவர், பேர் இல்லாதவர் அங்கத்தவரின் பிள்ளை. அந்தக் காலத்துக்கு அது சரி. இன்று ஒரு லயத்தில் பேர் உள்ளவர் ஒருவர், வெளியே உழைப்பவர் மூவர் என்றால், அந்த மூவரையும் விட்டுவிட்டு நாம் யாருக்காகச் சம்பளம் பேசப் போகிறோம்? இளையவர்கள் போய்க்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகில் உதாரணம் உண்டு. 1980களின் முடிவில் 90 இலட்சத்தை நெருங்கிய பல்கேரியாவின் சனத்தொகை இன்று 70 இலட்சத்துக்கும் கீழே. பிறப்புக் குறைந்தது ஒரு காரணம், இளையோர் வெளியேறியது மற்றக் காரணம். அங்கே கிராமங்கள் முதியவர்களோடு மட்டும் மிஞ்சின. நம் லயங்களும் வாவிக்கரை ஊர்களும் அந்த வழியில் போகவேண்டியதில்லை.

ஆகவே, கிளைக் கூட்டங்களில் பேசி முடிவெடுக்க நான்கு விடயங்களை முன்வைக்கிறோம்.

1. செக்ரோலில் பேர் இல்லாத இளையோருக்கு, சிறு சந்தாவுடன், நேரடி அங்கத்துவம் வழங்கவேண்டும். கடையில், ஹோட்டலில், ஆடைத் தொழிற்சாலையில், தோணியில் வேலை செய்பவர் எவரும் இதில் சேரலாம்.

2. ஒவ்வொரு கிளையும் ஒரு கொப்பி வைக்கவேண்டும். ஊர் விட்டுப் போன பிள்ளை எங்கே, என்ன வேலை, சேமலாப நிதி இலக்கம் உண்டா என்று அதில் பதிய வேண்டும். வெளிநாடு போகிறவர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தாரா என்பதையும் போகுமுன்பே பார்க்கவேண்டும்.

3. சாதாரணதரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குத் தொழில் உரிமை பற்றி ஒரு நாள் வகுப்பு நடத்தவேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் சம்பளமில்லாமல் இதற்கு வரத் தயார்.

4. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்ப் பாடநெறிகளைத் தமிழில், தோட்டப்பகுதியிலும் வாவிக்கரையிலும் நடத்தும்படி அரசிடம் கேட்கவேண்டும். பயிலும் காலத்துக்குப் படியும் வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கையும் நம் முன் வைக்கவேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். கொப்பி வாங்கப் பெரிய பணம் வேண்டாம். வீடு வீடாகப் போகக் கால்கள் வேண்டும். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன பிள்ளையின் பேரையும் அது வேலை செய்யும் இடத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்தாலே நமது புதிய செக்ரோல் தொடங்கிவிடும்.