ரீவைண்ட் பொத்தானும் ஏழாம் வகுப்பும்



லீவுக்கு வந்த பேரன் இந்த வாரம் எனக்கு மாரியோ ஆடக் கற்றுக்கொடுத்தான். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் டிவி கேம் கேசட்டைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து என்னிடம் பறிகொடுத்தவர்கள் உங்களில் உண்டு. "இதெல்லாம் சோறு போடுமா?" என்று அன்று திட்டிய அதே டீச்சர்தான் எழுதுகிறேன்.

அவன் வைத்திருப்பது 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்'. பழைய மாரியோ ஆட்டங்கள் நான்கின் படங்களைப் புதுப்பித்து நிண்டெண்டோ 1993-இல் வெளியிட்ட தொகுப்பு. இப்போது ஸ்விட்ச் கருவியிலும் கிடைக்கிறது. அதில் 1985-இல் வந்த முதல் ஆட்டத்தின் முதல் கட்டத்தைப் பார்த்து அசந்துபோனேன். எப்படி ஆடுவது என்று ஒரு வரிகூட விளக்கம் இல்லை. ஆனால் கடைசிப் பகுதியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே வருகின்றன. நடுவில் வெறும் தரை. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் அதே போல இன்னொரு ஜோடி. இம்முறை நடுவில் குழி! முதலில் பயிற்சி, பிறகு தேர்வு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் 'எளிதிலிருந்து கடினத்திற்கு' என்று நாங்கள் மனப்பாடம் செய்ததை, ஷிகேரு மியாமோட்டோ குழுவினர் வாய் திறக்காமல் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

நான் குழியில் விழுந்தபடியே இருந்தேன். "ரீவைண்ட் பண்ணுங்க ஆச்சி" என்றான் பேரன். பொத்தானை அழுத்தினால் ஆட்டம் பின்னோக்கி ஓடி, விழுவதற்கு முந்தைய நொடிக்குப் போய்விடுகிறது. அப்படியே நாலு கட்டம் தாண்டினேன். மறுநாள் அதே குழியில் அதே இடத்தில் விழுந்தேன். எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இதற்கு நேர்மாறானது அந்தக் காலத்து மூல ஆட்டம். அதில் சேமிக்கும் வசதியே கிடையாது. இன்று ஆறாவது உலகம் வரை போனாலும், நாளை முதலிலிருந்துதான். 1993 தொகுப்பு நடுவழியைப் பிடித்தது. நீங்கள் எட்டிய உலகத்தைச் சேமித்துக்கொள்ளலாம். உயிர்கள் எல்லாம் தீர்ந்துபோனால் அந்த உலகத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டும். முன்பு தாண்டிய உலகங்களை யாரும் பிடுங்குவதில்லை.

இதைப் பார்த்தபோது மனதில் ஒரு முகம் வந்தது. ஏழாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிய ஒரு பெண்ணை, "ஃபெயில்" என்று எழுதி அதே வகுப்பில் உட்கார வைத்தேன். மற்றப் பாடங்களில் அவள் நன்றாகவே எழுதியிருந்தாள். தாண்டிய பாடங்களையெல்லாம் மறுபடி படி என்றால் எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? அடுத்த ஜூனில் அவள் பள்ளிக்கு வரவில்லை. விதிப்படிதான் செய்தேன். ஆனாலும் கையெழுத்து என்னுடையது.

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை அப்படி நிறுத்திவைப்பதைத் தடுத்தபோது, ஆசிரியர் அறையில் எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. இன்று என் கருத்து இதுதான்: பிள்ளையை அடியோடு கீழே தள்ளுவதும் தவறு, வகுத்தல் தெரியாமலே மேலே அனுப்பிவிடுவது ரீவைண்ட் பொத்தான். தவறிய அந்த ஒரு பாடத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி நடத்துவதே நியாயம். அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பெற்றோர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எழுதுங்கள்.

கேசட் பறிகொடுத்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி தருகிறேன், இரண்டாவது உலகத்தைத் தாண்ட எனக்கும் உதவி தேவை.