அம்பா ஓயுமுன்

வலையிழுப்போர் கைகள் ஒருங்கே இயங்க வேண்டுமாயின், அவர்தம் குரல்கள் முதற்கண் ஒருங்கிணைய வேண்டும். கடற்கரையில் பாட்டுப் பிறந்த வகை இதுவே. ஒருவர் முன்னடி எடுத்துக் கொடுப்பார். ஏனையோர் 'ஏலேலோ' என்றும் 'ஐலசா' என்றும் ஏற்றிசைப்பர். அவ்வோசை எழுந்து விழும் அளவிற்குக் கயிறு கரையேறும். நெய்தல்நில மக்கள் இதனை அம்பா என்பர். படகைக் குறிக்கும் அம்பி என்னும் பழஞ்சொல் சிலப்பதிகாரத்துள் வழங்குவது. அம்பா என்னும் பெயர் அதனோடு நெருங்கி நிற்றல் கருதத்தக்கது.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழூர்களைக் கொண்டது முத்துக்குளித்துறை. கொற்கை முத்தைக் கழகப் புலவர் பாடிய காலந்தொட்டு உழைப்பும் பாட்டும் பிரியாதிருந்த கரை அது. இன்று அங்கே பாட்டுத் தனியே பிரிந்து மறைந்துகொண்டிருக்கின்றது. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றது. 1974-இல் புதிய துறைமுகம் எழுந்தது. சுமை தூக்கும் வேலையைப் பளுதூக்கிகள் ஏற்றன. பாய் விரித்த வள்ளங்களின் இடத்தைப் பொறிப்படகுகள் பிடித்தன. வலையைப் பொறி இழுக்குங்கால் அதற்குப் பாட்டு வேண்டுவதில்லை. ஆகவே அம்பா யாரும் தடுக்காமலே ஓய்கின்றது. பகைவன் கொல்லும் மொழிக்குக் காவலர் எழுவர். வேலையின்றிச் சாகும் பாட்டிற்கு அழுவாரும் இலர்.

கடல்கடந்த நாடொன்றின் பட்டறிவை இங்கு நோக்குதல் தகும். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய சமைக்காவில் 'மெண்டோ' என்றொரு நாட்டுப்புற இசை உண்டு. ஊர்ச்சந்தை, உணவு, அண்டை வீட்டார் பூசல், ஆண்பெண் நகையாடல் எனத் தம் மண்ணின் செய்திகளையே அப்பாடகர் பாடினர். 1950-களில் அவை இசைத்தட்டாயின. ஆயினும் வெளிநாட்டார் அறிந்த பெயர் 'கலிப்சோ' என்பதே. அது திரினிடாடு என்னும் வேறொரு தீவின் இசைக்குரிய பெயர். விற்பனை கருதிச் சமைக்காவின் பாட்டிற்கும் அப்பெயரையே ஒட்டினர். 1956-இல் ஆரி பெலபொண்டே என்னும் பாடகர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரும் 'கலிப்சோ' தான். அதனால் உலகெங்கும் பரவிய பாட்டொன்று, சமைக்காத் துறைமுகத்தில் இரவெல்லாம் வாழைக்குலை ஏற்றிய கூலியாளர் விடியற்காலையில் பாடியது. குலைகளை எண்ணிக் கணக்கு முடித்துத் தம்மை வீட்டிற்கு அனுப்புமாறு கணக்கனை வேண்டுவது. சுமையாளர் குரல் உலகை எட்டியது. அதைப் பெற்ற மண்ணின் இசைப்பெயரோ மறைந்தது. தன் பாட்டிற்குத் தானே பெயரிட்டுப் பதிந்து வையாத இனத்தின் பாட்டிற்குப் பிறர் பெயரிடுவர்.

அந்தப் பெலபொண்டே பிறந்த 1927-ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடியிலும் ஒரு பாடகர் பிறந்தார். அவர் நகைச்சுவை நடிகர் சந்திரபாபு. மேலைநாட்டு மலைவாணர் தொண்டையை மடக்கிக் கூவும் முறையைத் தமிழ்த் திரைப்பாட்டில் புகுத்திய பெருந்திறலாளர் அவர். அத்திறத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆயினும், பனிமலையின் கூவலுக்குத் திரையில் கிடைத்த இடம், அவர் பிறந்த கரையின் ஏலேலோவிற்குக் கிடைத்ததா என்று கேட்பது தமிழர் கடன்.

அம்பாவோடு போவது இசை மட்டுமன்று; சொற்களும் போகின்றன. பள்ளிப்பிள்ளை படகின் 'முன்பகுதி, பின்பகுதி' என்று எழுதுகின்றான். கரையில் வாழ்வோர் அணியம் என்றும் அமரம் என்றும் வழங்குகின்றனர். நூலோர் கோடை என்ற மேல்காற்று அவர்க்குக் கச்சான், தென்காற்று சோழகம், கடல் நீரோட்டம் நீவாடு, முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைநிலம் பார். இவை எவராலும் புனையப்பட்டவை அல்ல. தவறாகச் சொன்னால் உயிரே போகும் இடத்தில் தீட்டப்பட்டவை. புதுச்சொல் ஆக்க விழைவோர் வடசொல்லைப் பெயர்க்குமுன் இக்கரையில் ஒருநாள் நிற்பாராக.

இங்கே தூயதமிழ் அன்பர் சிலர்க்கு ஓர் ஐயம் எழும். அப்பாட்டுகளில் அயற்சொற்கள் விரவியுள்ளனவே. அவற்றைக் களைந்து பதிப்பித்தல் நன்றன்றோ என்பர். விரவியிருத்தல் மெய். போர்த்துக்கீசியர் வந்த பதினாறாம் நூற்றாண்டு தொட்டு அவர் சொற்கள் கரையில் ஏறின. மீன் விற்கும் 'ஏலம்' அவர் மொழியிலிருந்து வந்ததே. கிறித்தவ அடியார் பெயர்களும் அம்பாவில் உண்டு. ஆயினும் பாட்டைத் திருத்துதல் சான்றை அழித்தலாகும். எந்தச் சொல் எப்போது எவ்வழி வந்தது என்பதைக் காட்டும் ஆவணத்தையே சுரண்டிவிட்டால், பின்னர் எதைக் கொண்டு தமிழ்ச்சொல்லைத் தமிழ்ச்சொல் என்று நாட்டுவது? தூய்மை எழுதுவோன் நடையில் இருக்க வேண்டும். பாடியோன் வாயைக் கழுவுவது ஆராய்ச்சியன்று. 1974-இல் பாவாணர் தலைமையில் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி உலகவழக்குச் சொற்களையும் நாடியது எனின், அவை கலப்பற்ற ஏட்டில் மட்டும் கிடைப்பவை அல்ல என்பது தெளிவு.

வரலாறும் ஒரு கடனைச் சுட்டுகின்றது. இக்கரையில் தங்கித் தமிழ் கற்ற அண்டிரிக்கு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். அச்சுப்பொறியை முதலில் கண்ட தமிழுள் இக்கரையோர் தமிழும் ஒன்று. அவர்தம் பாட்டோ இன்றளவும் பெரும்பகுதி காற்றோடு கலக்கின்றது.

செய்யத்தக்கது பெரிதன்று. ஏழூர்ப் பள்ளிகளின் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் கரைவலை இழுத்த முதியோரை அணுகுக. பாட்டைப் பாடியவாறே பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், தொழில், பாட்டு எந்த வேலைக்குரியது என்பவற்றை உடன் எழுதுக. ஒரு சொல்லையும் மாற்றற்க. அயற்சொல்லைத் தனிப்பட்டியலில் குறிக்க. தூத்துக்குடிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அப்பதிவுகளைக் காக்க. தூயதமிழ் இதழ்கள் திங்கள்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்குக.

கானல்வரியை மேடைதோறும் புகழ்வோர் பலர். கானலில் இன்றும் எஞ்சி நிற்கும் குரலைக் கேட்கச் செல்வோர் சிலரே. கரைவலை இழுத்த கைகள் மூத்துத் தளர்ந்துவிட்டன. அக்கைகளோடு அம்பாவும் அடங்கிவிட்டால், அணியத்தையும் அமரத்தையும் அகரமுதலியில் தேடும் நாள் வரும். தேடுவோர்க்கு அவற்றைச் சொல்லிக்காட்ட ஒரு வாயும் இராது.