தொண்டர்கள் தயார், தண்ணீர் தருவது யார்?

புதுதில்லி: காலையில் ஈரநிலத்தில் மண்டிய களைகளை அகற்றும் உடலுழைப்பு, மாலையில் அதே நீர்ப்பரப்பில் பறவைகளையும் விலங்குகளையும் காணும் வாய்ப்பு. நகரவாசிகளை ஈர்க்கும் இத்தகைய பயணங்களுக்கு மத்திய அரசின் கொள்கையும் இடமளிக்கிறது. 2022-ல் தொடங்கப்பட்ட "சஹபாகிதா" இயக்கம் ஈரநிலப் பாதுகாப்பில் மக்கள் பங்கேற்பை வலியுறுத்துகிறது. 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட "அம்ருத் தரோஹர்" திட்டம், சூழல் சுற்றுலாவையும் உள்ளூர் மக்களின் வருவாயையும் ஈரநிலங்களோடு இணைத்தது.

நோக்கம் வரவேற்கத்தக்கதே. எனினும், ஈரநிலத்தின் முதல் தேவை தண்ணீர். அதைத் தரும் அதிகாரம் தொண்டர்களிடம் இல்லை, அரசுகளிடமே உள்ளது. ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா இதற்குச் சான்று.

எருமைகள் தந்த பாடம்

சுமார் 29 சதுர கி.மீ. பரப்புள்ள இப்பூங்கா, முன்னர் மன்னர்களின் வேட்டைக் களமாக இருந்தது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4 ஆயிரத்துக்கும் அதிகமான பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அதே இடம் 1981-ல் ராம்சர் பட்டியலிலும், 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

இடைப்பட்ட 1982-ல் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்த கிராமத்தினர் மீது போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. எருமைகள் வெளியேறியதும், அவை மேய்ந்து கட்டுப்படுத்தி வந்த நீர்ப்புல் பெருகி நீர்ப்பரப்பை அடைத்தது. தடையால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு உணர்த்தியது.

பின்னர் 2007-ல், பூங்காவில் பரவிய சீமைக் கருவேல மரங்களை வேரோடு அகற்றும் பணி சுற்றுக் கிராமத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டது. வெட்டிய மரம் அவர்களுக்கே சொந்தமானது. ஒரு காலத்தில் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டவர்களின் உதவி இறுதியில் தேவைப்பட்டது. வார இறுதியில் வந்து செல்லும் தொண்டர்களால் இவர்களின் இடத்தை நிரப்ப இயலாது.

அணையில் தேங்கிய பிரச்னை

சீமைக் கருவேலம் பரவியதற்கு நீர்ப் பற்றாக்குறையே முக்கியக் காரணம். நீர் நிலைத்து நிற்கும் இடத்தில் அது எளிதில் வேரூன்றாது. கம்பீர் ஆற்று வெள்ளம் அஜான் அணைக்கட்டு வழியாகப் பூங்காவை அடைந்தது. கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்த பின்னர் இந்த வரத்து குறைந்தது. பருவமழை பொய்த்த 2004-ல், பூங்காவுக்குத் தண்ணீர் திறக்க விவசாயிகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தங்கள் வயல் காயும்போது பறவைகளுக்கு நீரா என்ற அவர்களது கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. அதற்கு விடை காணும் பொறுப்பு அரசுக்கே உரியது.

பூங்காவின் ஆண்டுத் தேவை சுமார் 55 கோடி கன அடி. கோவர்தன் வடிகால், சம்பல் திட்டம் ஆகியவற்றிலிருந்து மாற்று ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. ஆயினும், சூழலியல் சீர்குலைந்த ஈரநிலங்களுக்கான மாண்ட்ரூ பதிவேட்டில் 1990-ல் இடம்பெற்ற கேவலாதேவ் இன்னும் அதிலிருந்து விடுபடவில்லை.

ஒடிசாவின் சிலிகா ஏரியின் அனுபவம் வேறு. 1993-ல் இதே பதிவேட்டில் சேர்க்கப்பட்ட அந்த ஏரிக்கு, 2000 செப்டம்பரில் கடலை நோக்கிப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. உவர்நீரின் சமநிலை மீண்டது, மீன்வளம் பெருகியது. 2002-ல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஏரியின் வடகரையில் உள்ள மங்கலாஜோடியில், முன்பு பறவைகளை வேட்டையாடியவர்களே இன்று படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் விளங்குகின்றனர். நீரியல் சிக்கலை அரசு தீர்த்ததும், காவலில் உள்ளூர் மக்கள் பங்கேற்றதும் அங்கே ஒருசேர நிகழ்ந்தன.

செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு முக்கிய ஈரநிலத்துக்கும் உரிய நீர்ப் பங்கை, பாசனம், குடிநீர் ஆகியவற்றுக்கு ஒதுக்குவதுபோல மாநில அரசுகள் எழுத்து வடிவில் உறுதி செய்ய வேண்டும். அந்த நீரால் இழப்பு நேரும் விவசாயிகளுக்கு ஈடு வழங்க வேண்டும். சுற்றுலா வருவாயில் கிராமத்தினருக்கு நிரந்தரப் பங்கு வேண்டும்.

இவை இல்லாவிடில், தொண்டர்கள் இந்த ஆண்டு பிடுங்கிய களை அடுத்த ஆண்டும் முளைக்கும். அதைக் காண வரும் பயணிகள் இருப்பர். பறவைகள் இருக்குமா என்பதே கேள்வி.