21 கியர் இருந்தும் பாடி பாலத்துல அம்போ!

போன வாரம் லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதுற கலையைப் பத்தி எழுதிட்டு, நான் வீட்டுலயும் காலேஜ்லயும் வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை. அதனால இந்த வாரம் யாரையும் கலாய்க்கப் போறதில்லை. கலாய்ச்சா என்னைத்தான் கலாய்க்கணும். மேட்டர் அப்படி!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கிளாஸ்ல பொண்ணுங்க நாலே பேர். 'கியர் டிரெய்ன்' கணக்கு வந்தா பசங்க என் பேப்பரைத்தான் எட்டிப் பார்ப்பாங்க. அந்தப் பெருமையோட கஸின் அண்ணன்கிட்ட இருந்து ஒரு பழைய 21 கியர் சைக்கிளை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அதுவரைக்கும் என் வாகனம், ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள்தான். 2001-02 கல்வியாண்டில் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்காக ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்த திட்டம் அது. ஒரே கியர். மிதிச்சா போகும், பிரேக் பிடிச்சா (சில சமயம்) நிக்கும். இப்ப அதுல அம்மா மார்க்கெட்டுக்குப் போறாங்க.

வீடு அம்பத்தூர் ஓ.டி. காலேஜ் பூந்தமல்லி பக்கம். சனிக்கிழமைன்னா இந்தப் பக்கத்துக்கு மேட்டர் கொடுக்க பாடி, அண்ணா நகர் வழியா ஆபீஸ். ரெண்டு ரூட்டையும் சைக்கிள்லயே அடிக்கிறதுன்னு கொள்கை முடிவு எடுத்தாச்சு. கியர் இருக்கே, என்ன கவலை?

21 கியர்ல எனக்குத் தெரிஞ்சது எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு! முன்னாடி பெரிய சக்கரம், பின்னாடி சின்ன சக்கரம். 'இதுல வெச்சா சும்மா பறக்கும்'னு கஸின் போட்டுக் கொடுத்த கியர். மாசக்கணக்கா அதைத் தொடவே இல்லை. ஏத்தத்துல முட்டி வலிச்சா, 'எக்சர்சைஸ் பத்தலை'ன்னு என்னையே திட்டிக்கிட்டு மிதிச்சேன்.

அப்புறம்தான் அந்த சனிக்கிழமை.

காலை எட்டரை மணி. பாடி மேம்பால ஏத்தம். பாதி தூரத்துல கால் நகர மாட்டேங்குது. அப்பத்தான் ஞானோதயம்... 'அடடா, நமக்குத்தான் கியர் இருக்கே!' பெடல்ல எழுந்து நின்னு, மொத்த வெயிட்டையும் போட்டுக்கிட்டே இடது கை ஷிஃப்டரை 'டக் டக்'னு ரெண்டு தட்டு. முன்னாடி பெரிய சக்கரத்துல இருந்து நேரா குட்டிச் சக்கரத்துக்கு! 'கர்ர்ர்ர்'னு ஒரு சத்தம். செயின் கழண்டு உள்பக்கமா விழுந்துச்சு. பெடல் காத்துல சுத்துச்சு. சைக்கிள் அங்கேயே நின்னுடுச்சு.

என் பின்னாடி ஒரு டீக்காரர். கறுப்பு கலர் பெரிய சைக்கிள். கேரியர்ல எவர்சில்வர் டிரம், ஹேண்டில்ல பேப்பர் கப் பை. நான் நின்ன வேகத்துல அவர் வலது பக்கம் ஒடிச்சார். வலது பக்கம் பஸ்! டிரைவர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு. ஐயா மறுபடி இடது பக்கம் ஒடிச்சு, கைப்பிடிச் சுவர்ல உரசி, சைக்கிளோட சாய்ஞ்சுட்டார். முழங்கை முழுக்க சிராய்ப்பு. டிரம் மூடி தெறிச்சு, சூடா டீ... பாலத்துல வழியுது. அந்த ஏலக்காய் வாசனை வந்தா இப்பவும் எனக்கு வயிறு பிசையும்.

"இன்னா பாப்பா, நடு மேட்டுல நின்னுட்ட?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தா கூட தேவலை. பையில இருந்த 180 ரூபாயை நீட்டினேன். வேணாம்னு சொல்லலை. எண்ணிப் பார்த்து சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். (அதுதான் நியாயமும்கூட. பாதி டிரம் டீ காலி!) அப்புறம் அவரே குனிஞ்சு, ஒரு குச்சியால என் செயினைத் தூக்கிப் பல்லுல மாட்டினார். "எதுக்கும்மா இத்தனை பல்லு?"ன்னார். கியர் டிரெய்ன் கணக்குல கில்லியான எனக்குப் பதில் வரலை!

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல உட்கார்ந்து பல்லை எண்ணினேன். என் பல்லை இல்லைங்க, சைக்கிள் பல்லை. முன்னாடி மூணு சக்கரம்: 42, 34, 24. பின்னாடி ஏழு: 14-ல ஆரம்பிச்சு 28 வரைக்கும். மாடிப்படிக்குக் கீழே தூங்குற தாத்தாவோட பழைய ஹெர்குலிஸ்ல முன்னாடி 44, பின்னாடி 18.

இப்ப கணக்கு. நான் ஓட்டின கியர்ல 42-ஐ 14-ஆல வகுத்தா 3. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் மூணு சுத்து. 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர் சொச்சம் போகும். அப்போ ஒரு மிதிக்கு ஆறு மீட்டர். சமதரையில ஜாலி, ஏத்தத்துல ஜோலி முடிஞ்சது! அதே சைக்கிள்ல 24-க்கு 28 போட்டா, ஒரு சுத்துக்கு ஒண்ணே முக்கால் மீட்டர்தான். மெதுவாத்தான் போகும், ஆனா முட்டி நோகாது. டீக்காரர் சைக்கிளும் தாத்தா சைக்கிள் மாதிரியே இருந்துச்சு. அதே பல்லுன்னு வெச்சுக்கிட்டா, 28 இஞ்ச் சக்கரத்துக்கு ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட அஞ்சரை மீட்டர். அதை மாத்தவே முடியாது. டிரம்மோட வெயிட் வேற. அதாவது, அவரைவிட மூணு மடங்கு லேசா மிதிக்கிற வசதி என் கையில இருந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு நான்தான் நடுவுல நின்னேன்.

சரி, அவர் எப்படி ஏறுறார்? பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னாடியே வேகம் பிடிக்கிறார். அந்த வேகத்துலயே பாதி ஏத்தம் ஏறிடுது. மீதியை எழுந்து நின்னு மிதிக்கிறார். கியர் இல்லாத சைக்கிளுக்கு வேகம்தான் கியர். முன்னாடி போறவங்க திடீர்னு நின்னா, அவர் சேர்த்து வெச்ச வேகம் மொத்தமும் போச்சு. அப்புறம் இறங்கித் தள்ள வேண்டியதுதான். விழாம இருந்தா!

எங்க ஏரியாவுல பிறந்துட்டு இது தெரியாம இருந்தது இன்னும் கேவலம். இந்தியாவோட பெரிய சைக்கிள் கம்பெனிகள்ல ஒண்ணான டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கினது, சாட்சாத் எங்க அம்பத்தூர்லதான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவங்களோட பேருதான். 1964-ல் எஸ்டேட் வந்த பிறகு ஷிஃப்ட் சைரனுக்கு முன்னாடி ரோடு முழுக்க சைக்கிளா இருக்கும்னு தாத்தா சொல்வார். அந்தப் பக்கம் ஆவடியில 1965-லேயே விஜயந்தா டாங்கி உருட்டினாங்க. டாங்கிக்கே கியர் போட்ட ஊருங்க எங்களோடது! அந்த ஊர்ப் பொண்ணுக்கு சைக்கிள் கியர் போடத் தெரியலை.

நேரா எங்க தெரு பஞ்சர் கடை அண்ணாகிட்ட போய் சரண்டர். செயினை நகர்த்துற அந்த ஐட்டத்துக்கு புக்குல டீரெய்லர்னு பேரு. அண்ணா பாஷையில 'கியர் செட்'. அவர் சொன்ன முதல் விஷயம்: "செயினுக்கு லோடு கொடுத்துக்கிட்டே கியர் மாத்தாதம்மா. பெடல் சுத்திக்கிட்டே இருக்கணும், ஆனா பஞ்சு மாதிரி மிதிக்கணும்."

இதுல நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கும் வேலை இருக்கு. முன்னாடி கியர் செட், செயினோட மேல்பக்கத்தைத் தள்ளுது. நீங்க மிதிக்கும்போது விறைப்பா இழுபடுறது அந்த மேல்பக்கம்தான். விறைச்ச கயித்தைப் பக்கவாட்டுல தள்ளினா என்ன ஆகும்? சிக்கும், இல்லேன்னா எகிறும். பின்னாடி கியர் செட் தள்ளுறது தொளதொளன்னு இருக்கிற கீழ்ப்பக்கத்தை. அதனால பின்னாடி மாத்துறது கொஞ்சம் சமர்த்து. ஏத்தம் வருதுன்னா, சமதரையில இருக்கும்போதே முன் சக்கரத்தை ஒரு படி இறக்கிடுங்க. ஏறும்போது பின்னாடி மட்டும், ஒவ்வொரு 'டக்'கா. ரெண்டு கையையும் ஒரே நேரத்துல தட்டாதீங்க. அப்புறம், பெருசுக்குப் பெருசு, சின்னதுக்குச் சின்னது ஜோடி சேர்க்காதீங்க. செயின் குறுக்கா ஓடி சீக்கிரம் தேயும். அதைக் கழிச்சா 21-ல உருப்படியா தேர்றது கொஞ்சம்தான். கடைக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க!

இந்த 'டக்' சத்தமே 1984-ல் ஜப்பானோட ஷிமானோ கம்பெனி பிரபலமாக்கினதுதான். அதுக்கு முன்னாடி லீவரைத் தடவித் தடவி, செயின் எங்கே உட்காருதுன்னு காதால கேட்டு ஓட்டினாங்க. அதுக்கும் முன்னாடி கூத்து இருக்கு. டூர் டி ஃபிரான்ஸ் ரேஸ்ல 1937 வரைக்கும் டீரெய்லருக்கு அனுமதியே கிடையாது. மலை வந்தா வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டிக்கிட்டுப் போவாங்களாம். சக்கரத்தோட ரெண்டு பக்கமும் வேற வேற பல்லு! பாடி பாலத்துல நான் அதைச் செஞ்சிருந்தா அன்னைக்கு மொத்த சென்னையும் ஜாம்.

சிக்னலுக்கு வருவோம். ஆவடி செக்போஸ்ட், கரையான்சாவடி... ரெண்டுலயும் தினமும் பார்க்கிறேன். வேகமா வந்த கியர்லயே 'கிறீச்'னு நிக்கிறோம். பச்சை விழுந்ததும் கனமான கியர்ல பெடல் நகராது. சைக்கிள் அரை வட்டம் போட்டு ஆடும். பின்னாடி இருக்கிற டூவீலர், ஷேர் ஆட்டோ எல்லாம் உங்க ஆட்டத்துக்குத் தாளம் போடணும். நின்ன பிறகு கியர் மாத்தவும் முடியாது, செயின் ஓடினாத்தான் அது நகரும். ஆக, சிவப்பு தெரிஞ்சதுமே மிதிச்சுக்கிட்டே ரெண்டு மூணு 'டக்' இறக்கிட்டு நில்லுங்க. பச்சையில பூ மாதிரி கிளம்பலாம்.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டுல குரூப்பா ஓட்டுறவங்களோட நானும் ரெண்டு தடவை போயிருக்கேன். அவங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்கு. குழியைக் கை நீட்டிக் காட்டுறாங்க. வேகம் குறைக்கப் போறாங்கன்னா குரல் கொடுக்குறாங்க. பெடல்ல எழுந்து நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கியர் கனமாக்கிட்டு, அழுத்தம் விடாம எழுந்திருக்கிறாங்க. இல்லேன்னா எழுந்திருக்கிற அந்த நொடியில சைக்கிள் கொஞ்சம் பின்வாங்கி, பின்னாடி வர்றவங்க முன் சக்கரத்துல இடிக்கும். சூப்பர்தான். ஆனா அதே குரூப்ல ஒருத்தர், பால் பாக்கெட் போட்டுட்டுத் திரும்புற ஒரு பெரியவரைப் பார்த்து 'லெஃப்ட்! லெஃப்ட்!'னு கத்தினார். ஹெல்மெட் போட்ட நமக்கு அது ஞாயித்துக்கிழமை ஜாலி. அவருக்கு அது டியூட்டி. ஒரு பெல் அடிச்சா போதாதா பாஸ்? அந்தக் கத்தலுக்கு அப்புறம் மூணாவது தடவை நான் போகலை.

பொண்ணுங்களுக்கு ஒரு பிராக்டிகல் குறிப்பு: துப்பட்டாவை விட மோசமான எதிரி, பேன்ட் கால். முன் சக்கரத்துல மாட்டிக்கிட்டா கியர் எதுவா இருந்தாலும் கதை கந்தல். ரப்பர் பேண்டு போதும், காசு கொடுத்து கிளிப் எல்லாம் வேணாம்.

போன சனிக்கிழமை மறுபடி அதே பாலம். முன்னாடி 34, பின்னாடி 28-ன்னு சமதரையிலேயே செட் பண்ணிட்டுதான் ஏத்தத்துக்கு வந்தேன். பின்னாடி 'கடங் கடங்'னு டிரம் சத்தம். திரும்பிப் பார்க்கலை. பார்த்தா சைக்கிள் வளையும். இடது ஓரமா ஒதுங்கி, வலது கையை ஆட்டி, 'நீங்க போங்க'ன்னு காட்டினேன். ஐயா அதே வேகத்துல, எழுந்து நின்னு மிதிச்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் போனார். முழங்கையில அந்தத் தழும்பு இருந்துச்சு. போகும்போது 'டிரிங்'னு ஒரு பெல்.

என்னை அடையாளம் தெரிஞ்சுதான் அடிச்சாரா, சும்மா அடிச்சாரான்னு தெரியலை. கூப்பிட்டுக் கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஏத்தத்துல போறவரை எப்படி நிறுத்துறது?

அடுத்த வாரம்: பிரேக். அதுக்கும் என்கிட்ட ஒரு தழும்பு இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!