படம் கொடுத்தால் பேச்சு நின்றுவிடுமா?

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வசிக்கும் என் அத்தை மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ளவன். சென்ற விடுமுறையில் நான் போயிருந்தபோது, ஐஸ் பெட்டியில் ஒட்டியிருந்த மைலோ படத்தைப் பிய்த்து அத்தை கையில் திணித்தான். அதற்குமுன் எது வேண்டுமென்றாலும் அழுகைதான். பாட்டிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “இப்படிப் படத்தையே நீட்டிக்கிட்டிருந்தா வாயத் தொறந்து எப்பம்மா பேசுவான்?” என்று அத்தையிடம் கேட்டார்.

பாட்டியின் அச்சம் பல பெற்றோருக்கும் உண்டு. இந்தப் படப் பரிமாற்ற முறையை 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி போண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினர். மொத்தம் ஆறு படிநிலைகள். முதல் படியில் பிள்ளையிடம் “என்ன வேண்டும்?” என்று கேட்கவே கூடாது. பிடித்த பொருளுடன் ஒருவர் எதிரே இருப்பார். இன்னொருவர் பின்னாலிருந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், படத்தை எடுத்துக் கொடுக்கப் பிள்ளையின் கைக்கு உதவுவார். படம் கைமாறியதும் பொருளின் பெயரைச் சொல்லி உடனே கொடுத்துவிட வேண்டும். ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டால் கிடைக்கும் என்பதுதான் அங்கே பாடம்.

பேச்சு என்னாகும்? இப்படிப் பேச்சுக்கு மாற்றான வழிகளைக் கற்ற 27 பேரைப் பற்றிய ஆய்வுகளை மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் 2006-இல் தொகுத்துப் பார்த்தனர். எவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடியது. படப் பரிமாற்றத்தை மட்டும் ஆராய்ந்த 2010-ஆம் ஆண்டுத் தொகுப்போ, தொடர்புத்திறன் வளர்ந்தாலும் பேச்சில் பலன் சொற்பமே என்றது. ஆகப் பேச்சு வந்தே தீரும் என்று பாட்டிக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால், பேச்சு வரட்டும் என்று காத்திருந்து படத்தைத் தள்ளிப்போட்டால், அதுவரை அவனுக்கு அழுகை ஒன்றுதான் மொழி.

என் கவலை வேறு. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்ற ‘ஸீரோ ரிஜெக்ட்’ கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் கொண்டுவந்தது. நல்லதுதான். அத்தை வீட்டுக்கு அருகில் சிறப்புக் கல்வி வகுப்பு இருப்பது தேசியப் பள்ளியில், மொழி மலாய். மாதம் இருமுறை மலாக்கா நகரில் நடக்கும் பேச்சுப் பயிற்சி ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ். படத்துக்கு மொழியில்லை என்கிறோம், ஆனால் நான்காம் படியில் மொழி வந்துவிடுகிறது. அங்கே அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியம் அமைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஐ வாண்ட்’ அட்டை முதலில், மலாயில் ‘சாயா மாவ்’ முதலில், பொருள் பிறகு. அதே வரிசையைத் தமிழில் படித்தால் “வேணும் மைலோ” என்றாகிறது! நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

பயிற்சியாளரிடம் கேட்டோம்; வீட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். சட்டி, சிலிப்பர், பாட்டியின் நாற்காலி எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து அச்சிட்டு, வெல்க்ரோ ஒட்டினோம். ‘வேணும்’ அட்டை கடைசிக்குப் போனது. வாக்கியத்தைப் படித்துக்காட்டுபவர் இடையில் சில நொடி நிறுத்த வேண்டும்; பிள்ளை சொன்னால் சொல்லட்டும், வற்புறுத்தக்கூடாது. அந்த வேலையை இப்போது பாட்டி எடுத்துக்கொண்டார். “மைலோ…” என்று சொல்லி நிறுத்துகிறார். அவன் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ‘வேணும்’ அட்டையை விரலால் தட்டுகிறான்.